திருகோணமலைக்கு எப்போது வருவது? கடலைப் பார்த்தா, கோணேசரைப் பார்த்தா?

ஜனவரி 19, ஒரு வாசகரின் கேள்வி

"லண்டனிலிருந்து மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் இலங்கை வர இருக்கிறோம். திருகோணமலைக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் போக வேண்டும், மற்ற மாதங்களில் போவது வீண் என்று சொல்கிறார்கள். இரண்டு நாள் போதுமாம். ஒரு நாள் கோயில், ஒரு நாள் நிலாவெளிக் கடற்கரை. சரிதானா?"

ஜனவரி 19, இரவு

பாதி சரி. கடலில் குளிக்க மட்டும் வருகிறீர்கள் என்றால் முழுக்கச் சரி.

எங்கள் பக்கம் மழை வாடைக்காற்றோடு வரும். ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தை வரை. அந்த நாட்களில் கடல் கறுத்துப் பொங்கும், வள்ளங்களைக் கரையில் ஏற்றி வைத்திருப்பார்கள். கொழும்பில் மழை கொட்டும் வைகாசி, ஆனியில் இங்கே வெயில். தென்மேற்கிலிருந்து வரும் மழையெல்லாம் மலைநாட்டிலேயே விழுந்துவிடும். மலையைத் தாண்டி எங்களுக்கு வந்து சேருவது வரண்ட சூட்டுக்காற்று மட்டும்தான். அதைக் கச்சான் காற்று என்போம். நிலக்கடலையையும் நாங்கள் கச்சான் என்றுதான் சொல்வோம். திருவிழாக் கடையில் கச்சான் கேட்டால் காற்று வராது, கடலைதான் வரும்.

ஏப்ரலுக்கு முன்னால் வந்தால் வீண் என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் பிறந்து வளர்ந்த ஊர் இது. இந்த ஊர் தன் முழு அழகோடு இருப்பது மாசி மாதத்தில், சிவராத்திரியை அடுத்த சில இரவுகளில்தான். அப்போது மலைக்கோயில் சிவனான கோணேசர் மலையிலிருந்து இறங்கி நகருக்குள் வருவார். விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

ஜனவரி 20

இரண்டு நாள் விஷயம் விட்டுப்போனது. கொழும்பிலிருந்து வர ஏறக்குறைய 260 கிலோமீற்றர். இரவு மெயில் ரயிலில் வந்தால் காலையில் இறங்கிக் குளித்துச் சாப்பிடவே பத்து மணியாகும். குறைந்தது நான்கு நாள் வையுங்கள்.

பெப்ரவரி 27

நேற்றுச் சிவராத்திரி. நான்கு சாமப் பூசைக்கும் மலையில் இருந்தேன். கண் எரிகிறது, ஆனாலும் மறப்பதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

முதல்முறை வருபவர்களுக்குப் புதிதாகத் தெரிவது, கோயிலுக்குப் போகும் வழியே கோட்டை வாசல் வழியாகத்தான் என்பது. பிரட்றிக் கோட்டை. உள்ளே இராணுவம் இருக்கிறது, சாலை ஓரத்தில் புள்ளிமான்கள் மேய்கின்றன. மான்களுக்குப் பொலித்தீன் பையோடு எதையும் போடாதீர்கள், பையையும் சேர்த்துத் தின்றுவிடும். சாலை மெல்ல ஏறி முடியும் இடத்தில் கோயில், அதற்கு அப்பால் நேரே கடல். இராவணன் வெட்டு என்று சொல்லும் பிளவு அங்கேதான். தாய்க்காக மலையைப் பெயர்க்க வந்த இராவணன் வாளால் வெட்டிய இடம் என்பது கதை. பகலில் எல்லோரும் எட்டிப் பார்த்துப் படம் எடுப்பார்கள். இரவு மூன்றாம் சாமத்தில் அங்கே நின்று பாருங்கள். கீழே அலை அடிக்கும் சத்தம் மட்டும் மேலே ஏறி வரும், தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது.

ஞானசம்பந்தர் கோணமாமலை என்று பாடிய பதிகத்தை அந்த நேரத்தில் ஒரு முதியவர் மெல்லப் பாடிக்கொண்டிருந்தார். ஏழாம் நூற்றாண்டுப் பாட்டு. சம்பந்தர் இந்தியக் கரையில் இருந்தபடியே பாடினார் என்பார்கள். ஆனால் அதில் கடல் இருக்கிறது, அலை இருக்கிறது.

மார்ச் 2

நேற்று நகர்வலம் எங்கள் வீதிக்கு வந்தது.

பின்னேரம் நான்கு மணிக்கே வீதியைக் கூட்டித் தண்ணீர் தெளித்தோம். அம்மா நிறைகுடம் வைத்தார், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. எதிர்வீட்டு மாமி வாழை கட்டினார். மாவிலைத் தோரணம் முழு வீதிக்கும் ஒன்றாகக் கட்டியது இளம்பிள்ளைகள். சுவாமி வர நடுச்சாமம் கடந்துவிட்டது. சின்னப் பிள்ளைகள் திண்ணையில் பாய் போட்டுத் தூங்கிப்போனார்கள், மேளச் சத்தம் சந்தியில் கேட்டதும் ஒவ்வொருவரையும் எழுப்பினோம். நானும் அப்படித்தான் எழுப்பப்பட்டு வளர்ந்தேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கும்போது தீவட்டி வெளிச்சத்தில் சுவாமியின் முகம் வீட்டு வாசலுக்கே வரும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், இந்த ஊரில் சுவாமி வீதிக்கு வருவது வெறும் திருவிழா வழக்கமாக எனக்குத் தெரிவதில்லை. 1622ஆம் ஆண்டு போர்த்துக்கீசர் கோயிலை இடித்தார்கள். கொன்ஸ்தந்தீனு த சா என்ற தளபதி. அது சித்திரைப் புத்தாண்டு நாள் என்றும், சுவாமி ஊர்வலமாக வெளியே போயிருந்த நேரம் பார்த்து, பிராமணர் வேடத்தில் உள்ளே நுழைந்தார்கள் என்றும் ஊரில் சொல்வார்கள். ஊர்வலம் திரும்பி வரும்போது கோயில் இல்லை. இடித்த கல்லைக் கொண்டுதான் கோட்டை கட்டினார்கள். நீங்கள் கோட்டை வாசலால் நுழையும்போது அந்தக் கோயிலின் கற்களுக்கு நடுவேதான் நுழைகிறீர்கள். வாசலில் ஒரு துண்டுக் கல்வெட்டும் பாண்டியரின் இரட்டைக் கயலும் இருக்கின்றன. ஓட்டோக்காரர் நிறுத்தாமல் போய்விடுவார், நிறுத்தச் சொல்லுங்கள்.

அம்மம்மா இந்தக் கதையைச் சொல்லும்போது கடைசியில் எப்போதும், "சுவாமி வெளியில நின்றதாலதான் தப்பினார்" என்பார். நகர்வலத்தில் சுவாமியை வாசலில் காணும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

மார்ச் 3

நேற்று எழுதியதில் பாதிதான் இருந்தது. தப்பிய சுவாமிக்கு என்ன நடந்தது?

சிலதைத் தம்பலகாமத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஆதி கோணநாயகர் கோயில் அப்படித்தான் வந்தது. சிலதை மண்ணில் புதைத்தார்கள். 1950இல் நகரசபை கிணறு வெட்டிய இடத்தில் சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்பாள், பிள்ளையார் என்று வெண்கலத் திருமேனிகள் வெளியே வந்தன. 300 ஆண்டுக்கு மேல் மண்ணுக்குள்! 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடியில் கடலுக்குள் இறங்கிப் பழைய கோயிலின் தூண்களைக் கண்டார்கள். விண்வெளிக் கதைகள் எழுதிய அதே கிளார்க்தான். இப்போதைய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1963 மார்ச் 3. எழுத உட்கார்ந்த பிறகுதான் இன்று அதே தேதி என்று கவனித்தேன்.

கோட்டைக் கல்வெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவர் கேட்டார். குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கி பிரிப்பான் என்ற பொருளில் ஒரு பாட்டு. கல் உடைந்து பாதி எழுத்துத்தான் மிச்சம், மீதியை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக நிரப்பிச் சொல்வார்கள். மனப்பாடமாகச் சொல்லும் வழிகாட்டியிடம் கேட்பதைவிடக் கல்லில் தெரியும் எழுத்துகளை நீங்களே கூட்டி வாசித்துப் பாருங்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்தால் நல்ல விளையாட்டு.

ஏப்ரல் 10

கடல் தெளியத் தொடங்கிவிட்டது.

நேற்று ஏப்ரல் 9. 1942இல் இதே நாளில்தான் ஜப்பான் விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்டன. அம்மம்மாவுக்கு அப்போது பதினேழு வயது. காலையில் அடுப்பில் இடியப்பம் அவிந்துகொண்டிருந்ததாம், அப்படியே விட்டுவிட்டு ஓடினார்களாம். அந்த இடியப்பத்தைப் பற்றித் தொண்ணூறு வயதிலும் கவலைப்பட்டார். சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்கள் (தாங்கிகள்) நூறளவில் இன்றும் காட்டுக்குள் நிற்கின்றன. நிலாவெளி வீதியில் போரில் இறந்தவர்களின் மயானம் ஒன்றும் இருக்கிறது. புல் வெட்டி, பூச்செடி வைத்து, அவ்வளவு சுத்தம். கடலுக்குப் போகும் அவசரத்தில் எல்லோரும் அதைத் தாண்டிவிடுவார்கள். பத்து நிமிடம் இறங்கி வயதுகளை வாசியுங்கள். பத்தொன்பது, இருபத்தொன்று.

முதலில் கேள்வி கேட்டவருக்கு: உங்கள் மூத்த மகள் ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினை விரும்பிப் படிப்பதாக எழுதியிருந்தீர்கள். அவருடைய தம்பி சார்ல்ஸ் ஆஸ்டின், கடற்படை அதிகாரி, 1852இல் பர்மாவில் இறந்தவர், புதைக்கப்பட்டது எங்கள் ஊரில். நகருக்குள் இருக்கும் பழைய மயானத்தில் கல்லறை இருக்கிறது.

மே 18

கதிர்காமப் பாதயாத்திரைக்காரர்கள் ஊருக்குள் வந்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் தொடங்கி நடந்தே வருபவர்கள். வேல் முன்னே, பின்னால் காவி வேட்டியும் தலையில் மூட்டையுமாக வயது போன ஆச்சிமார். ஓர் ஆச்சியின் குதிகால் வெடித்திருந்தது. எண்ணெய் வேண்டுமா என்று கேட்டேன். "முருகன் பாத்துக்கொள்ளுவான், நீ பிளேன்டீ ஒண்டு தா ராசா" என்றார்.

கச்சானும் தொடங்கிவிட்டது. மத்தியானம் பன்னிரண்டு முதல் மூன்று வரை வெளியே திரியாதீர்கள். இங்கே வெயில் என்பது சுற்றுலா விளம்பரத்தில் வரும் வெயில் மாதிரி இருக்காது.

ஜூன் 15

புறாத்தீவு பற்றிப் பலர் கேட்டுவிட்டீர்கள். நேற்று அக்காவின் பிள்ளைகளோடு போய் வந்தேன்.

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். மலைப்புறாக்கள் கூடு கட்டுவதால் அந்தப் பெயர். 2003 முதல் தேசியப் பூங்கா, எனவே டிக்கெட் எடுக்க வேண்டும், வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு விலை வேறு. முகமூடி போட்டுத் தலையைத் தண்ணீருக்குள் வைத்தாலே போதும், கைக்கெட்டும் தூரத்தில் மீன்கள். கரும்முனைச் செட்டை உள்ள சின்னச் சுறாக்கள் ஆழமில்லாத தண்ணீரிலேயே சுற்றும். மனிதரைக் கண்டால் அவைதான் விலகிப் போகும். சின்னவள் பயந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், பிறகு அவளைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுப்பதுதான் பாடாகிவிட்டது.

மனம் நொந்த விஷயமும் உண்டு. நாங்கள் போன படகுக்காரர் ஆழமில்லாத இடத்தில் நங்கூரத்தைப் பவளத்தின் மேலேயே போட்டார். கேட்டதற்கு, எல்லோரும் போடுவதுதானே என்றார். இறங்கியவர்களில் பாதிப்பேர் பவளத்தின் மேல் ஏறி நின்று படம் எடுத்தார்கள். அது கல் இல்லை, உயிர். ஒரு விரல் நீளம் வளர ஆண்டுக்கணக்கில் எடுக்கும், ஒரு குதிகால் அழுத்தினால் உடைந்துவிடும். இருபது வருடத்துக்கு முன் நான் பார்த்த நிறம் அங்கே இப்போது இல்லை. தயவுசெய்து மிதந்தபடி பாருங்கள், கால் ஊன்ற வேண்டுமென்றால் மணலில் ஊன்றுங்கள். ஏறும் முன்பே படகுக்காரரிடம் நங்கூரம் எங்கே போடுவீர்கள் என்று கேளுங்கள். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது முறை அவரே பார்த்துப் போடுவார்.

வார இறுதியில் போகாதீர்கள். காலை ஏழு மணிக்குப் போங்கள்.

ஜூன் 16

தயிர் எங்கே வாங்குவது என்று கேட்டவருக்கு: தம்பலகாமம், கிண்ணியாப் பக்கத்து எருமைத்தயிர், மண்சட்டியில். சட்டியைக் கவிழ்த்துக் காட்டுவார்கள், விழாது. தயிரில் ஊற்றிச் சாப்பிடும் இனிப்புப் பாணிப்போத்தலும் பக்கத்திலேயே விற்பார்கள்.

ஜூலை 24

ஆடி அமாவாசை. அப்பா போன பிறகு வரும் மூன்றாவது.

வீட்டில் காத்தோட்டிக்காய் காய்ச்சி, காகத்துக்கு வைத்து, விரதம் முடித்து இப்போதுதான் உட்கார்ந்தேன். காலையில் கடற்கரை முழுக்க ஆட்கள். தகப்பன் இல்லாதவர்கள் எல்லோரும் ஒரே நாளில் ஒரே தண்ணீரில் முழுகுவதைப் பார்க்கும்போது, தெரியாத முகங்கள் கூட உறவு மாதிரித் தோன்றும்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பற்றி இதுவரை எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான். அப்பா இறந்த பின் செய்யும் அந்தியேட்டிக் கடமையை அங்கேதான் செய்தோம். நகரிலிருந்து அனுராதபுர வீதியில் எட்டுக் கிலோமீற்றர். சதுரமாகக் கட்டிய ஏழு சின்னக் கிணறுகள், ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருக்கும், ஒவ்வொன்றின் சூடும் கொஞ்சம் வேறு. இறங்கிக் குளிப்பதில்லை, வாளியால் அள்ளி ஊற்றுவதுதான். தாயின் கடமை செய்யத் தண்ணீர் வேண்டி இராவணன் நிலத்தில் குத்திய இடம் என்பார்கள். ஆகவே செத்தவீட்டுக் கடமை செய்ய எங்கள் ஆட்கள் காலங்காலமாக அங்கே போகிறார்கள். நாங்கள் போன அன்று இன்னொரு பக்கம் சுற்றுலா வந்த பிள்ளைகள் தண்ணீர் ஊற்றிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு சித்தப்பா, "உன்ர அப்பா உன்னை இங்க கூட்டிவந்து இப்பிடித்தானே விளையாட விட்டவர்" என்றார். அப்படித்தான். அந்த வாளி, அந்தச் சூடு, அப்பாவின் ஈரக் கை எல்லாம் ஞாபகம் வந்தது.

பிள்ளைகளோடு தாராளமாகப் போங்கள். வெள்ளை வேட்டியோடு யாராவது தலை குனிந்து நின்றால் கொஞ்சம் குரலைத் தணியுங்கள், அவ்வளவுதான்.

ஜூலை 26

ஒரு அண்ணர் என்னைத் திருத்தியிருக்கிறார். "மாசியில்தான் இந்த ஊர் முழு அழகோடு இருக்கும் என்று ஜனவரியில் எழுதினீர்கள், இப்போது ஆடி அமாவாசையைப் பற்றி இப்படி எழுதுகிறீர்கள். வெருகல் திருவிழாவை மறந்துவிட்டீர்களா?" நியாயமான கேள்வி. நகருக்குள் வளர்ந்தவனுக்கு நகர்வலம்தான் முதலில் வரும். கடல் காலமும் திருவிழாக் காலமும் ஒன்றையொன்று சந்திக்காது என்ற மாதிரி எழுதிவிட்டேன், அது பிழை.

ஆகஸ்ட் 31

வெருகல் போய் வந்தேன். அண்ணருக்கு நன்றி, அவர் எழுதியிருக்காவிட்டால் இந்த வருடமும் நாளை நாளை என்று தள்ளியிருப்பேன்.

மாவட்டத்தின் தெற்கு எல்லை. மூதூர் தாண்டி, ஈச்சிலம்பற்று தாண்டி, வெருகல் ஆற்றங்கரையில் சித்திர வேலாயுதர் கோயில். சின்ன வயதில் இந்தப் பயணம் ஒரு முழு நாள். கிண்ணியா, கங்கை, இறால்குழி என்று வழி நெடுகப் பாதை ஏற வேண்டும். பாதை என்றால் உங்களுக்குச் சாலை என்று தோன்றும். எங்களுக்கு அது வாகனத்தை ஏற்றி ஆற்றைக் கடத்தும் மிதவை. வரிசையில் நின்று வெயிலில் காய்ந்து, ஒருவழியாக ஏறினால் மறுகரையில் இன்னொரு வரிசை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள், 396 மீற்றர், அப்போது இலங்கையிலேயே நீளமான பாலம். பிறகு மற்றவையும் பாலமாகிவிட்டன. இப்போது காலையில் போய் மத்தியானம் அன்னதானம் சாப்பிட்டுப் பொழுதுபட முன் வீடு வந்துவிடலாம்.

கிண்ணியாவில் தேநீருக்கு நிறுத்திய கடையில் முதலாளி, ஒரு முஸ்லிம் ஐயா, "வெருகலுக்கா? இந்த முறை சனம் கூட" என்று தானே சொன்னார். மட்டக்களப்புப் பக்கமிருந்தும் வந்திருந்தார்கள். ஆற்று மணலில் பந்தல் போட்டுக் குடும்பம் குடும்பமாகத் தங்கியிருந்தார்கள். வளையல் கடை, கச்சான் கடை, அல்வா. நகர்வலத்தில் சுவாமி வீட்டுக்கு வருவார், இங்கே சனம் வீட்டையே தூக்கிக்கொண்டு சுவாமியிடம் வந்துவிடுகிறது.

செப்டம்பர் 9

கன்னியா போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அங்கிருந்து தொலைவில்லாத பெரியகுளத்தில் வெல்கம் விகாரை இருக்கிறது. எங்கள் ஆட்கள் நாதனார் கோயில் என்பார்கள். சிதைந்த பௌத்த விகாரை, ஆனால் கல்வெட்டுகள் தமிழில்! சோழர் காலத்தில் அதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். விளக்கெரிக்கப் பசுவும் காசும் கொடுத்தவர்களின் கொடைகளைத் தமிழில் வெட்டி வைத்திருக்கிறார்கள். தமிழர் சைவர், சிங்களவர் பௌத்தர் என்று பள்ளிக்கூடத்தில் கோடு போட்டுப் படித்த எனக்கு அந்தக் கல்லின் முன்னால் நின்றபோது பேச்சு வரவில்லை. காட்டு வெளிக்குள் இருக்கும் இடம், தண்ணீர் எடுத்துப் போங்கள்.

அக்டோபர் 3

கும்பம் முடிந்தது. தொண்டை கட்டிவிட்டது.

மற்ற ஊர்களில் நவராத்திரி என்றால் கொலு, சகலகலாவல்லி மாலை, அவல் கடலை. இங்கே அதோடு கும்ப விழா. ஒவ்வொரு வட்டாரத்திலும் கும்பத்து மால் என்ற பந்தல் வைத்துக் கும்பிட்டு, கடைசி இரவுகளில் வேப்பிலையும் பூவும் சுற்றிய கும்பத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு வீதிக்கு வருவார்கள். உடுக்குச் சத்தம் தொடங்கினால் வீட்டுக்குள் யாரும் இருக்க மாட்டார்கள். எங்கள் வட்டாரக் கும்பம் எடுத்த பையன் பகலில் வங்கியில் கணக்கு எழுதுபவன். அவனை அந்த வேகத்தில் பார்த்தபோது அடையாளமே தெரியவில்லை.

வாடை அடிக்கத் தொடங்கும் முன் வரும் கடைசிப் பெரிய கூட்டம் இது.

அக்டோபர் 21

இன்று பின்னேரம் முதல் மழை. வள்ளங்களை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள்.

முதலில் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். ஆகஸ்டில் வரும் எண்ணத்தை விட்டுவிட்டு, பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைப் பார்த்து, பெப்ரவரிக்கு டிக்கெட் எடுத்துவிட்டாராம். சிவராத்திரி அடுத்த முறை பெப்ரவரி நடுவில் வருகிறது. நகர்வலம் எந்த இரவு எந்த வீதிக்கு வரும் என்பதைக் கோயில் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். தங்குமிடத்தைக் கடற்கரைப் பக்கம் உப்புவெளியில் எடுக்காமல் நகருக்குள் எடுங்கள், நடுச்சாமத்தில் ஓட்டோ தேட வேண்டியிருக்காது. எங்கள் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்குப் பாய் உண்டு.

கடலில் இறங்க முடியுமா என்று அவருடைய சின்னவள் கேட்கிறாளாம். முழங்கால் வரை முடியும். அதற்கு மேல் அன்றைய கடலைப் பார்த்து, கரைவலை இழுப்பவர்களிடம் கேட்டுவிட்டுத்தான்.